இரண்டு அட்டை, ஒரே அடுப்பு

பயிற்சிக் கையேட்டின் நாலாம் பக்கத்தில் ஒரு வரைவிலக்கணம் இருந்தது. ஒரே அடுப்பில் சமைத்து உண்போர் ஒரு வீட்டார். இரத்த உறவு, பதிவு, கூரை எதுவும் பொருட்டில்லை. அடுப்பு ஒன்றுதான் அளவுகோல். எனக்கு அந்த வரி உடனே பிடித்துப்போயிற்று. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஆறு வருடம் வேலை செய்தவன் நான், முதலில் ஒப்புநோக்குபவனாக, பிறகு செய்தியாளனாக. கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடிய, தகராறுக்கு இடமில்லாத ஒன்றைக் கையில் தரும் வாக்கியங்களில் எனக்கு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையோடு போய் ஒரு படிவத்தில் நான் எழுதிய நாலு சொற்களால் ஒரு பெண்ணின் நிவாரண அட்டை நிறுத்தப்பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்து, ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அறிக்கைகள் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அபிவிருத்தித் திட்டங்களை மதிப்பீடு செய்வது பற்றி பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழகம் ஒன்று வவுனியாவில் ஒரு டிப்ளோமா வகுப்பைத் தொடங்கியபோது நிறுவனம் என்னை அனுப்பியது. தனியார் வகுப்புகள் நடக்கும் ரியூட்டரி ஒன்றின் நீளமான மண்டபம். பதினான்கு பேர் படித்தோம். வன்னிக்குள்ளிருந்து வந்த எங்களுக்குத் தங்குவதற்குப் படையினரின் பாஸ் வேண்டும். பாஸ் முடிகிற திகதிக்கு ஏற்றபடி பாடங்கள் முன்பின்னாக நடந்தன. கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர் நாற்பது வயதுள்ள ஒரு பெண். வெளிநாட்டில் படித்தவர். முதல் நாள் கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

கடைசி வாங்கிலிருந்து விவசாயப் போதனாசிரியர் ஒருவர் கையை உயர்த்தினார். பிறகு களவேலையில் எனக்குச் சோடியாக வந்தவர் அவர்தான்.

"மிஸ், இடம்பெயர்வு இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டும் கேக்கலாமோ?"

"கேக்கலாம். அதுக்கு இடம்பெயராத ஒரு ஒப்பீட்டுக் குழுவை எங்க தேடுவீங்கள்?" என்றார் விரிவுரையாளர். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

களவேலைக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு சிறு திட்டம். ஜெயபுரத்துக்குப் போகும் வழியில் காட்டோரமாக ஒரு குடியிருப்பு. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த கடற்றொழிலாளர் குடும்பங்கள் அங்கே கொட்டில் போட்டிருந்தன. அட்டை ஒன்றுக்கு நாலு கோழியும் வீட்டுத்தோட்டத்துக்கு விதையும் கொடுத்திருந்தார்கள். கடலில் தொழில் செய்தவர்கள் கோழி வளர்த்தும் கத்தரி நட்டும் முன்னிலும் நன்றாகச் சாப்பிடுகிறார்களா என்பதுதான் எங்கள் கேள்வி. மாரி முடிந்ததும் ஒரு சுற்று, நாலு மாதம் கழித்து இன்னொரு சுற்று என்று ஒழுங்கு செய்தோம்.

வீடுகளைத் தெரிவுசெய்ய எழுமாற்று எண்கள் நிறைந்த ஒரு தாளைப் பிரதி எடுத்துத் தந்திருந்தார் விரிவுரையாளர். சோதனைச் சாவடியில் அந்தத் தாள் அகப்பட்டது. ஒழுங்கே இல்லாமல் பக்கம் நிறைய இலக்கங்கள். இது என்ன சங்கேதம் என்று கேட்டார்கள். எந்த அர்த்தமும் இல்லாததுதான் அந்த இலக்கங்களின் பயன் என்று ஒரு படைவீரருக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்றோம். தாளும், பற்றரி போட்ட கணிப்பானும் அங்கேயே தங்கின. பிறகு ஒரு பிஸ்கற் பேணியில் சீட்டுப் போட்டுக் குலுக்கி வீடுகளைத் தெரிவுசெய்தோம்.

குலுக்குவதற்கும் முதலில் ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும். அது கிராம அலுவலரான விதானையாரிடம்தான் இருந்தது. நிவாரண அட்டைகளைப் பதிபவரும் அவர்தான். நல்ல மனிதர், எந்த நேரமும் களைத்துப்போனவர் போல இருப்பார். பட்டியலைத் தருவதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்.

"நீங்கள் நிரப்புற படிவத்தின்ர முதல் பக்கம் எனக்கு ஒரு கொப்பி வேணும். ஆர் இருக்கினம், ஆர் போயிட்டினம் எண்டு எனக்கும் தெரியாமல் கிடக்கு. மேலயிருந்து ஒரே கரைச்சல்."

ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது செய்தியாளனுக்குப் பழகிய காரியம். சம்மதித்தேன். மக்கள் சொல்வது எங்களைத் தாண்டிப் போகக்கூடாது என்று கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்ததை நான் வாசித்திருந்தேன். முதல் பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கையும் அடுப்பின் எண்ணிக்கையும் ஒரு குறிப்பு நிரலும் மட்டும்தானே, அதில் என்ன இரகசியம் என்று நினைத்தேன். கார்பன் தாள் வைத்து எழுதினேன்.

பேணியிலிருந்து வந்த சீட்டுகளில் ஒன்று ஒரு தாயுடையது. ஐம்பது வயதிருக்கும். நெற்றிவரை வெயிலில் கறுத்த, வாய் ஓயாத பெண். கிடுகுக் கொட்டில். உள்ளே சேலையொன்றைக் குறுக்கே கட்டி மறைத்திருந்தது. பட்டியலின்படி அங்கே இரண்டு அட்டை: ஒன்று தாய்க்கு, மற்றது கலியாணம் முடித்த மகளுக்கு. மருமகன் விறகு வெட்டப் போயிருந்தார்.

"கடலுக்குப் போறேல்லையா, அம்மா?"

"மேற்கால ஆறு கட்டை தூரம் போனால் கடல்தான், தம்பி. ஆனால் அது வேற ஆக்களின்ர கடல். எங்கட ஆக்கள் போய்க் கரையில நிண்டு பாத்திட்டு வருவினம்."

"மகள் எங்க?"

"உள்ள படுத்திருக்கிறா. பிள்ளை கிடைச்சு பதினெட்டு நாள்."

ஒரு வயதுக்குட்பட்டோர்: ஒன்று என்று எழுதினேன். முன்பக்கம் ஒரு அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. மற்ற ஆட்களைப்போல் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவன் நான் இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம். எழுந்து கொட்டிலைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். வேலியோரம் ஓலையால் சாய்த்து இறக்கிய ஒரு சிறு பத்தி. அதன் கீழ் சாம்பல் நிறைந்த ஒரு மண்குழியில் கோழி ஒன்று அடைகிடந்தது. முட்டை எத்தனை என்று கேட்டேன். தாய் வந்து, கோழியைச் செட்டையோடு தூக்கிக் காட்டினார். பதினொன்று. அதையும் எழுதினேன். பிறகு முன்பக்கம் வந்து, முதல் பக்கத்தின் குறிப்பு நிரலில் தெளிவான எழுத்தில் பதிந்தேன்: இரண்டு அட்டை, ஒரே அடுப்பு.

அன்று சைக்கிளில் திரும்பும்போது எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நாலு மாதம் கழித்து, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் இரண்டாம் சுற்றுக்குப் போனோம். விரிவுரையாளரும் அனுமதி எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தார். ஒருவர் நிரப்பிய படிவங்களில் சிலவற்றை மற்றவர் போய் மீளப் பார்ப்பது எங்கள் முறை. என் வீடுகளைப் பார்க்க முதலில் போன விவசாயப் போதனாசிரியர் மத்தியானம் வந்து சைக்கிளைச் சாத்தினார்.

"உமக்குப் புண்ணியம் கிடைக்கும் ஐசே. ஊர் முழுக்க அடுப்புப் பூத்திருக்கு."

"என்ன?"

"ஒரு கொட்டிலுக்கு ரெண்டு அடுப்பு. ஒரு வீட்டில மூண்டு. எல்லாம் புது மண். ஒண்டில கூட ஒரு துளி கரி இல்லை. என்னைக் கண்டவுடன ஒரு மனிசி வெறும் தண்ணியை வைச்சுக் கொதிக்க விட்டவா."

விளங்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அட்டைகளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்கியபோது விதானையார் எங்கள் கார்பன் பிரதிகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். என்னோடு வந்தவர் குறிப்பு நிரலை வெறுமையாக விட்டிருந்தார். நான் எட்டு வீடுகளுக்குக் குறிப்பு எழுதியிருந்தேன். அந்த எட்டு வீடுகளின் இரண்டாவது அட்டைகளும் விசாரணைக்கென்று நிறுத்தப்பட்டிருந்தன. பல்கலைக்கழக ஆக்கள் அடுப்பு எண்ண வருகிறார்கள் என்ற கதை குடியிருப்பு முழுவதும் பரவியிருந்தது. இரண்டாம் சுற்றுப் படிவத்தைப் பார்த்துத்தான் அட்டையை விடுவதா வெட்டுவதா என்று முடிவு செய்வேன் என்று விதானையார் சொல்லியிருந்தாராம்.

பின்னேரம் அந்தத் தாயின் கொட்டிலுக்குப் போனேன்.

"வாங்கோ, பேப்பர்காரர்," என்றார் அவர். "இருங்கோ. ஆனால் தேத்தண்ணி தரமாட்டன். சீனி மற்ற அட்டையிலதான் வாறது."

மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சேலை மறைப்புக்கு வெளியே வந்தா. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். முதல் தடவை நான் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? நீங்கள் அண்டைக்குப் பின்னுக்குப் போய்ப் பாத்தனீங்கள்தானே?"

"ஓம்."

"என்ன கண்டனீங்கள்?"

"அடைக்கோழி."

"கோழி எதுக்குள்ள கிடந்தது?"

அவ முன்னால் நடந்தா. பத்தியின் கீழே கோழி இல்லை. சாம்பல் முழுவதும் வாரப்பட்டிருந்தது. மண்ணில் வனைந்த மூன்று குமிழும், விறகு வைக்கும் வாயும் நன்றாகத் தெரிந்தன.

"இது என்ர அடுப்பு," என்றா. "கலியாணம் முடிச்ச அடுத்த மாசம் நானே மண் குழைச்சுப் போட்டனான். நானும் அவரும் தனியத்தான் சமைச்சுச் சாப்பிட்டனாங்கள்."

"பிள்ளை பெத்தவள் நாப்பது நாளைக்கு அடுப்படிக்குப் போறதோ?" தாய் பின்னால் வந்து நின்றார். "நான்தான் சரக்குக்கறி வைச்சுக் குடுத்தனான். மருமேனும் என்ர பானையிலதான் திண்டவர். அடுப்புச் சும்மாதானே கிடக்குது, சாம்பலுக்க வைச்சால் பேன் பிடிக்காது எண்டு கோழியை அடை வைச்சன்."

"ஏன் அம்மா அண்டைக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களே? கோழி எத்தினை எண்டு கேட்டீங்கள், சொன்னன். முட்டை எத்தினை எண்டு கேட்டீங்கள், கோழியையே தூக்கிக் காட்டினன். அடுப்பைப் பற்றி ஒரு வாய் கேட்டனீங்களே?"

உண்மைதான். அடுப்பை நான் கேட்கவில்லை. பார்த்தேன். கேட்டால் பொய் சொல்வார்கள், கண் பொய் சொல்லாது என்பது பத்திரிகையில் எனக்குச் சொல்லித்தந்த பாடம். பதினொரு முட்டையையும் சரியாக எண்ணிய கண் அவை கிடந்த இடத்தைப் பார்க்கவில்லை.

அடுப்பின் வாயருகே குனிந்தேன். குமிழ்களில் கரி பழையதாக, வெளிறிப்போயிருந்தது. நாற்பது நாள் முடிந்து மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது.

"இப்ப இதில சமைக்கிறேல்லையா?"

"எதைப் போட்டுச் சமைக்க?" என்றா மகள். "அரிசி, மா, பருப்பு எல்லாம் அம்மாவின்ர அட்டைக்குத்தான் வருது. மூண்டு பேரும் அதிலதான் தின்னுறம்."

"பக்கத்துக் கொட்டில்காரி தேங்காய்ப் பொச்சு எரிச்சு அடுப்பைக் கறுப்பாக்கச் சொன்னவள்," என்றார் தாய். "நான்தான் வேண்டாமெண்டனான். இந்தாள் கறுப்பையும் எண்ணும்."

மகள் சிரிக்கவில்லை. "அண்டைக்கு நீங்கள் எழுதினது பிழை. இண்டைக்கு அது சரியாப்போச்சு. இப்ப என்ன எழுதப்போறீங்கள்?"

படிவத்தில் அடுப்புகளின் எண்ணிக்கைக்கான கட்டம் என் மடியில் வெறுமையாக இருந்தது. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்பது விதி. இரண்டு என்று எழுதினால் வரைவிலக்கணப்படி பொய். ஒன்று என்று எழுதினால், நான் செய்த பிழையை நானே உறுதிப்படுத்தி அட்டையை வெட்டிக்கொடுத்தது போலாகும். பிள்ளை அழத் தொடங்கியது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

"போன முறையும் இப்பிடி எழும்பிப் போயிருந்தீங்கள் எண்டால் நல்லாயிருந்திருக்கும்," என்றார் தாய்.

விரிவுரையாளர் பள்ளிக்கூட விறாந்தையில் கதிரை போட்டு, படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"விதானையாரிட்ட எங்கட படிவம் எப்பிடிப் போனது?"

அதையும் சொன்னேன். அவர் படிவங்களின் ஓரங்களைத் தட்டிச் சமன்செய்தார்.

"முதல் சுற்றை இப்ப மாத்த ஏலாது. மாத்தத் தொடங்கினால் எல்லாரும் மாத்துவினம். இரண்டாம் சுற்றில இப்ப உள்ளதை எழுதுங்கோ. அந்த வீட்டைப் பகுப்பாய்வில இருந்து எடுத்துவிடுவம். நாங்கள் தொட்டுக் குழப்பின வீடு அது. அதை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது."

"அட்டை, மிஸ்?"

"பேப்பரில பிழையா ஒண்டு வந்தால் என்ன செய்வீங்கள்?"

"திருத்தம் போடுவம்."

"எங்க?"

"உள்பக்கத்தில. கீழ்மூலையில. சின்ன எழுத்தில."

"அப்ப அதையாவது செய்யுங்கோ," என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. அது என்மீது மட்டுமல்ல என்று பிறகு யோசித்தேன். கையேடும் அவர் எழுதியதுதான்.

அடுத்த நாள் காலையில் புதுப் படிவத்தில் அடுப்பு ஒன்று என்று நிரப்பி, கூடவே ஒரு பக்கத் திருத்தமும் எழுதினேன். முதலில் திருத்தத்தை மகளிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். முதல் சுற்றின்போது அந்த வளவில் இரண்டு அடுப்பு இருந்தது என்றும், ஒன்றை நான் அடுப்பென்று அறியவில்லை என்றும், இப்போது ஒரே பானையில் உண்பதற்கு அட்டை நிறுத்தப்பட்டதே காரணம் என்றும் எழுதியிருந்தேன்.

"கோழியை எழுதேல்லையே," என்றா அவ.

"அது தேவையில்லை எண்டு..."

"எழுதுங்கோ, அண்ணை. இல்லாட்டி ஒரு படிச்ச மனிசனுக்கு அடுப்புத் தெரியாமல் போகுமோ எண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம்."

கோழியையும் எழுதினேன். அவ அடுப்பு போட்ட மாதத்தையும் சேர்க்கச் சொன்னா. அதையும் சேர்த்துக் கையொப்பம் வைத்தேன்.

திருத்தத்தையும் புதுப் படிவத்தையும் வாங்கிய விதானையார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு இரண்டு தடவை வாசித்தார்.

"கோழி கிடந்ததால போன அட்டை எண்டு மேலுக்கு எழுதவோ?"

"ஓம். எழுதுங்கோ."

"உங்கட புதுப் படிவத்தில அடுப்பு ஒண்டு எண்டு கிடக்கு. இந்தக் கடதாசியில ரெண்டு எண்டு கிடக்கு. எது சரி?"

"ரெண்டும் சரி."

"உங்களுக்கென்ன, சொல்லிப்போட்டுப் போயிடுவீங்கள்," என்றார். திருத்தத்தை எடுத்து, துளைபோட்டு, கோவையில் கோத்தார்.

ஆறு கிழமை கழித்து அட்டை திரும்பி வந்தது. நிறுத்தியிருந்த மாதங்களின் அரிசியும் மாவும் வரவில்லை. மகள் தன் அடுப்பைத் திரும்பவும் மூட்டினாவா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த வளவுக்குள் இனி நான் எதையும் பார்ப்பது சரியில்லை என்று தோன்றியது. டிப்ளோமா அறிக்கையில் அந்த வீடு ஒரு அடிக்குறிப்பு: தரவுச் சிக்கல் காரணமாக ஒரு வீடு நீக்கப்பட்டது. அவ்வளவுதான். எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

ஆனால் குறிப்பு எழுதிய வீடுகள் எட்டு. அட்டைக்காகக் காத்திருந்த அந்தக் கிழமைகளில் மற்ற ஏழுக்கும் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கினேன். இம்முறை குறிப்பை வாசித்துக் காட்டி, சரியா பிழையா என்று கேட்டேன். இரண்டு கொட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன. ஆட்கள் எங்கே போனார்கள் என்று பக்கத்தவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில் தகப்பனும் மகனும் கோபித்துக்கொண்டு வேறுவேறாகச் சமைப்பது உண்மை என்று தெரிந்தது. அதற்கும் ஒரு திருத்தம் எழுதினேன்.

நாலாவது வீட்டில் இருந்தவர் கணவன் இல்லாத ஒரு பெண். கூட இருந்த தங்கச்சியின் பெயரில் இன்னொரு அட்டை. அவர் முற்றத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தார். இரண்டு அட்டை, ஒரே அடுப்பு என்று வாசித்தேன். உருவுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கிறீங்கள், தம்பி. தொடக்கத்தில இருந்தே ஒரு அடுப்புத்தான்." இலையைச் சுளகில் தள்ளினார். "அந்த எழுத்தை வெட்டிவிடுங்கோ."

பேனை என் கையில் இருந்தது. திருத்தம் பிழைக்குத்தான் எழுதலாம். இங்கே பிழை இல்லை. அந்த ஒரு அட்டையில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது, பதிலும் ஏற்கெனவே என் கையெழுத்தில் இருந்தது: ஐந்து. எழுந்து நின்று, நான் காணாமல் விட்ட அடுப்பு எங்காவது இருக்காதா என்று வளவைச் சுற்றிப் பார்த்தேன். வேலியோரம், பத்தியின் கீழ், விறகடுக்குக்குப் பின்னால்.

"என்ன தேடுறீங்கள்?" என்று கேட்டார்.

"கோழி."

"அதெல்லாம் போன மாசமே செத்துப்போச்சு," என்றார் அவர். நான் ஒன்றையும் வெட்டாமல் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.